பேட்ச் ஏன் நகரவில்லை? கோட் ரிவ்யூ சிக்கல்கள், அறிகுறி வாரியாக

அழகப்பா பொறியியல் கல்லூரியிலிருந்தும், தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக்குடியில் கூடும் பிள்ளைகளுக்காக எழுதி வைத்த குறிப்பு இது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நிரல் எழுதி அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பும் மாற்றத்துக்குத்தான் பேட்ச் என்று பெயர். எழுதுவதில் அவர்களுக்குப் பெரிய தடங்கல் இல்லை. அனுப்பிய பிறகுதான் தடங்கல். பதில் வராது, வந்தால் புரியாது, புரிந்தால் மனசு சுணங்கும். அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நல்ல நிரலாகவும் இருந்திருக்கும், அதுதான் வருத்தம்.

முகம் தெரியாத ஒருவர் தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து உங்கள் நிரலை வாசிக்கிறார். கோட் ரிவ்யூவில் நடப்பது அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டால் நிரல் திட்டத்தோடு சேரும், அதைத்தான் மெர்ஜ் என்கிறோம். அதனால் எந்தச் சிக்கலுக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வாசிக்க வந்தவர் எந்த இடத்தில் நின்றுவிட்டார்? கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து படியுங்கள்.

“அக்கா, அனுப்பி ரொம்ப நாளாச்சு, ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை”

அனுப்பிய நிரலுக்கு டெஸ்ட்களைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு சிஐ. முதலில் அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டெஸ்ட் தோற்றுச் சிவப்பாக இருந்தால், திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களில் பெரும்பாலானவர்கள் உள்ளேயே வர மாட்டார்கள். லாகைத் (ஓட்டத்தின் பதிவை) திறந்து, முதலில் எந்த இடத்தில் பிழை விழுந்தது என்று தேடுங்கள். சில சமயம் தவறு உங்களுடையதாக இருக்காது. திட்டத்தின் மெயின் பிராஞ்சே (முதன்மைக் கிளையே) சிவப்பாகக் கிடக்கும். அப்படியென்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, மஞ்சளில் காத்துக்கொண்டே இருக்கிறதா? பல திட்டங்களின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு திட்டத்துக்கு முதல் முறையாக அனுப்புகிறவரின் டெஸ்ட்கள் பெரும்பாலும் தானாக ஓடாது. மெயின்டெய்னர் ஒருவர் அனுமதி பட்டனை அழுத்த வேண்டும். பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமல், தங்கள் நிரலில்தான் ஏதோ கோளாறு என்று உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது, டெஸ்ட்களை உங்கள் கணினியிலேயே ஓட்டி, எந்த இயங்குதளம், எந்த வெர்ஷன், என்ன முடிவு வந்தது என்று விளக்கத்தில் எழுதுவது. வாசிக்க வருபவருக்கு அது பெரிய உதவி.

அடுத்து, சரியான ஆளின் கண்ணில் பட்டதா? திட்டத்தில் கோட்ஓனர்ஸ் கோப்பு இருந்தால் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் மெயின்டெய்னர்ஸ் என்றே ஒரு கோப்பு உண்டு. கெட் மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்டிடம் உங்கள் பேட்சைக் கொடுத்தால், யார் யாருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்று அதுவே பட்டியல் போட்டுத் தரும். இரண்டும் இல்லாத சிறு திட்டமா? நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில், நீங்கள் தொட்ட கோப்புக்கு கிட் லாக் போட்டு, அண்மையில் அதில் கைவைத்தவர் யார் என்று பாருங்கள்.

தலைப்பையும் ஒரு தடவை பாருங்கள். “அப்டேட்” என்றோ “பக் ஃபிக்ஸ்” என்றோ இருந்தால் திறக்கத் தோன்றாது. “தமிழ்ப் பெயர்களைச் சுருக்கும்போது உயிர்மெய் உடைவதைச் சரிசெய்தல்” என்று இருந்தால், அந்த வேலை தெரிந்தவர் தலைப்பைப் பார்த்ததுமே உள்ளே வருவார்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால் நாள்காட்டியைப் பாருங்கள். லினக்ஸ் கெர்னல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு வைக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முதல் இரண்டு வாரமும் மெர்ஜ் விண்டோ, ஏற்கெனவே ஏற்றுவைத்த மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அந்த இரண்டு வாரம் மெயின்டெய்னர்களுக்குத் தலைபோகிற வேலை, புதுப் பேட்சை எடுக்க மாட்டார்கள். குறைந்தது ஒரு வாரம் பொறுத்த பிறகே நினைவூட்டு என்று கெர்னலின் வழிகாட்டியே சொல்கிறது. மற்றத் திட்டங்களுக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். நேர வித்தியாசமும் உண்டு. நீங்கள் ஞாயிறு இரவு பத்து மணிக்கு அனுப்புவது கலிபோர்னியாவில் ஞாயிறு காலை. அவர் வீட்டு வேலையாக இருப்பார்.

நினைவூட்டலைச் சுருக்கமாக எழுதுங்கள். இது இன்ன மாற்றம், டெஸ்ட் எல்லாம் ஓடிவிட்டது, என் பக்கம் இன்னும் ஏதாவது தேவையா, அவ்வளவு போதும். ஐந்து பேரை ஒரே நேரத்தில் டேக் செய்யாதீர்கள். “ரெஸ்பெக்டட் சார்” என்று விண்ணப்பம் போல ஆரம்பிக்கவும் வேண்டாம். எதிரில் இருப்பவர் பெண்ணாக இருக்கலாம், உங்களைவிட இளையவராகக்கூட இருக்கலாம். பெயரைச் சொல்லி அழைத்தால் போதும், அங்கே அதுதான் மரியாதை.

கடைசியாக, திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக மெர்ஜ் ஆனது எப்போது, வெளியாள் அனுப்பிய எதையாவது எடுத்திருக்கிறார்களா? இரண்டு வருடமாக எதுவும் நகரவில்லையென்றால் அந்த மௌனம் உங்களுக்கானது அல்ல. வேறு திட்டம் பாருங்கள்.

“ரெண்டு வரிதான் மாத்தினேன், கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமா வருது”

கல்லூரி லேபில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் என்று மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு இது வந்தே தீரும். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளை வைக்கிறது, லினக்ஸ் ஒன்றை மட்டும் வைக்கிறது. எடிட்டர் ஒன்றை மற்றதாக மாற்றிச் சேமித்துவிட்டால், கிட் கணக்கில் எல்லா வரியும் மாறிய வரிதான்.

நீக்கிய வரியைச் சிவப்பிலும் சேர்த்த வரியைப் பச்சையிலும் காட்டுவது கிட் டிஃப். உறுதி செய்ய, இடைவெளியைப் பொருட்படுத்தாத தேர்வோடு அதை ஓட்டுங்கள். கிட்ஹப்பிலும் டிஃப் பக்கத்தின் அமைப்பில் இடைவெளியை மறைக்கும் தேர்வு இருக்கிறது. நானூறு வரி இரண்டு வரியாகச் சுருங்கினால் நோய் இதுதான். விஎஸ் கோட் எடிட்டர் என்றால் கீழே வலது மூலையில் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் வரிமுடிவு) என்று இருக்கும், அதைத் தட்டி எல்எஃப் (லினக்ஸ் வரிமுடிவு) ஆக்கிச் சேமித்து, கமிட்டைத் (கிட்டில் பதிந்த மாற்றத்தை) திருத்துங்கள். விண்டோஸ் கணினியில் கிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பைப் போட்டுவிட்டால் அடுத்த முறை வராது.

சுருங்கவில்லையென்றால், சேமிக்கும்போதே நிரலை அழகுபடுத்தும் ஃபார்மேட்டர் ஓடியிருக்கும். அந்தத் திட்டத்துக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள். திட்டத்துக்கென்று ஒரு ஃபார்மேட்டர் இருந்தால் அதை மட்டும், அவர்கள் சொல்லும் வெர்ஷனில் ஓட்டுங்கள்.

“பெரிசா இருக்கு, பிரிச்சுக் கொடுங்கன்னு சொல்லிட்டாங்க”

சொன்னது சரியாகவே இருக்கும். சிஸ்கோ நிறுவனத்தில் ரிவ்யூக்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரிக்குள் இருந்தால் பிழைகள் நன்றாகக் கண்ணில் படுகின்றன, அதைத் தாண்டினால் வாசிப்பவரின் பிடி தளர்கிறது என்று கண்டது. என்னைக் கேட்டால், புது ஆளின் முதல் பேட்ச் நூறு வரிக்குள் இருப்பது நல்லது.

பிரிப்பது என்றால் கோப்பு வாரியாகப் பிரிப்பதில்லை, நோக்கம் வாரியாகப் பிரிப்பது. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், ஒரு ஃபங்ஷனை வேறு கோப்புக்கு நகர்த்தி, நகர்த்திய கையோடு அதற்குள் ஆறு வரியையும் மாற்றியிருந்தாள். டிஃபில் ஒரு கோப்பில் நூற்றைம்பது வரி சிவப்பு, இன்னொன்றில் நூற்றைம்பது வரி பச்சை. அந்த ஆறு வரி எங்கே என்று வாசிப்பவர் கண்ணாலேயே தேட வேண்டும். அதை இரண்டு கமிட்டாக ஆக்கினோம். முதல் கமிட் வெறும் நகர்த்தல், ஒரு எழுத்தும் மாறவில்லை என்று செய்தியிலேயே எழுதினாள். இரண்டாவதைத் திறந்தால் ஆறு வரி மட்டும் நிற்கிறது. அதே நிரல்தான், ஆனால் இப்போது அதை ஒருவர் டீ குடிக்கிற நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் கலந்து எழுதிவிட்டீர்களா? கமிட்டில் சேர வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் கிட் ஆட் கட்டளைக்குத் துண்டு துண்டாகக் கேட்கும் தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டி இதைச் சேர்க்கவா, வேண்டாமா என்று கேட்கும். பொறுமையாகப் பதில் சொன்னால் கலந்ததைப் பிரித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு கமிட்டிலும் நிரல் தனியாக ஓட வேண்டும், டெஸ்ட் தனியாகப் பாஸாக வேண்டும். எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்று பின்னால் ஒருநாள் கிட் பைசெக்ட் வைத்துத் தேடப்போகிறவருக்கு அது தேவை.

கருத்து நிறைய வந்திருக்கிறது, எல்லாமே இடைவெளியும் பெயரும் பற்றியே

நிரலின் நடையைச் சரிபார்க்கும் லின்டர் கருவியை ஓட்டாமல் அனுப்பியிருக்கிறீர்கள். திட்டத்தின் கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் எதை ஓட்ட வேண்டும் என்று இருக்கும். கெர்னலுக்கு என்றால் செக்பேட்ச். கமிட்டுக்கு முன் இவற்றைத் தானாக ஓட்டும் ப்ரீ-கமிட் இருந்தால் நிறுவிக்கொள்ளுங்கள். இயந்திரம் சொல்ல வேண்டியதை மனிதரைச் சொல்ல வைத்தால், அவருடைய பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும், நிரலின் உள் வேலைக்குக் கண் போகாது. கருத்தின் முன்னால் “நிட்” என்று இருந்தால் அது சின்ன விஷயம், அதற்காக மெர்ஜ் நிற்காது என்று பொருள். இருந்தாலும் சரிசெய்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

கேட்கிற விதம் மனசைக் குத்துகிறது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாதியில் விட்டுப்போனவர்களில் பலர் இந்த இடத்தில்தான் போனார்கள்.

ரங்கூனிலும் மலாயாவிலும் நம் ஊர்க்காரர்கள் கடை வைத்திருந்த காலத்தில், ஏஜெண்டு அங்கிருந்து ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்புவார். ஊரில் முதலாளி அதை வரி வரியாகப் பார்ப்பார். இந்த வட்டி எப்படி வந்தது, இந்தச் செலவு எதற்கு என்று கேள்வி போகும். கேள்வி கேட்டதால் ஏஜெண்டைத் திருடன் என்று சொன்னதாக ஆகாது. கேட்காமல் விட்டால்தான் கடைக்கு ஆபத்து. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, ஏஜெண்டாக வளர்ந்ததெல்லாம் இப்படிக் கணக்குச் சொல்லிப் பழகித்தான். ரிவ்யூவில் வரும் கேள்வியையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பார்ப்பது வரியை, உங்களை அல்ல.

சுருக்கமாக இருப்பதால் கடுமையாகத் தெரிவதும் உண்டு. மெயின்டெய்னர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உட்கார்ந்து ஒரே சொல்லில் ‘ஏன்’ என்று கேட்டிருப்பார். அது உண்மையிலேயே காரணம் கேட்பதுதான். காரணத்தைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தக் காரணம் நிரலைப் படிக்கும் அடுத்தவருக்கும் தேவைப்படுமா என்று யோசியுங்கள். தேவைப்படும் என்றால் கமிட் செய்தியிலோ நிரல் குறிப்பிலோ சேருங்கள். ரிவ்யூ உரையாடலில் மட்டும் இருக்கும் பதில் ஒரு வருடத்தில் யார் கண்ணிலும் படாது.

மாறாக, முடிந்தால் இப்படிச் செய்யலாமே என்று மென்மையாகக் கேட்டிருந்தால் அதை விருப்பம் போல என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது செய்தாக வேண்டிய விஷயம். ஒவ்வொரு கருத்துக்கும் பதில் இருக்கட்டும். செய்துவிட்டேன், அல்லது இன்ன காரணத்தால் செய்யவில்லை. பதில் சொல்லாமல் புது வெர்ஷன் அனுப்பினால், எதைக் கேட்டார் எதைச் செய்தீர்கள் என்று அவரே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாகும்.

உண்மையிலேயே ஆளைத் தாக்கிப் பேசினால் அது வேறு. பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே தன் கடும்பேச்சுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே சமயத்தில்தான் கெர்னலுக்கு நடத்தை விதி வந்தது. இன்று பெரும்பாலான பெரிய திட்டங்களில் அப்படி ஒரு விதியும், புகார் சொல்ல ஒரு முகவரியும் இருக்கின்றன. அதைப் பயன்படுத்துங்கள், திருப்பித் திட்டாதீர்கள்.

இருவர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

நடுவில் நின்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒருவர் சொன்னபடி மாற்றி, மறுநாள் இன்னொருவர் சொன்னபடி திருப்பி மாற்றுவதும் வேண்டாம். இருவர் பெயரையும் குறிப்பிட்டு, இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், எதைச் செய்யட்டும் என்று ஒரே இடத்தில் கேளுங்கள். மெர்ஜ் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் முடிவு செய்வார்.

ரீபேஸ் செய்ததும் பழைய கருத்தெல்லாம் இடம் தெரியாமல் போய்விட்டது

ரீபேஸ் என்றால் உங்கள் கமிட்களைத் திட்டத்தின் புதிய நிலைக்கு மேலே எடுத்து வைப்பது. அதன் பிறகு ஃபோர்ஸ் புஷ் செய்தால் (பழையதை நீக்கிப் புதியதை ஏற்றினால்) பழைய கமிட்களோடு ஒட்டியிருந்த கருத்துகள் பல “அவுட்டேட்டட்” என்று மடங்கிப்போகும். ரிவ்யூவர் தான் விட்ட இடத்தைத் தேடுவார். ரிவ்யூ நடக்கும்போது திருத்தங்களை ஃபிக்ஸப் கமிட்டாக (எந்தக் கமிட்டுக்கான திருத்தம் என்று குறித்த கமிட்டாக) தனியே மேலே வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஆட்டோஸ்குவாஷ் போட்டு ஒன்றாக்கலாம். இடையில் ரீபேஸ் செய்தே ஆக வேண்டும் என்றால், திருத்தத்தையும் ரீபேசையும் ஒரே புஷ்ஷில் கலக்காதீர்கள். கிட் 2.19 முதல் ரேஞ்ச்-டிஃப் என்று ஒன்று இருக்கிறது. பழைய வரிசைக்கும் புது வரிசைக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். மின்னஞ்சல் வழியே பேட்ச் அனுப்பும் திட்டங்களில் அதையும் சேர்த்து அனுப்பினால் வாசிப்பவர் வாழ்த்துவார். அப்புறம், ஃபோர்ஸ் என்று மொட்டையாகப் போடாமல் ஃபோர்ஸ் வித் லீஸ் போட்டுப் பழகுங்கள். உங்கள் பிராஞ்சில் வேறு யாராவது புதிதாக ஏதாவது தள்ளியிருந்தால் அது அழியாமல் தடுக்கும்.

கையொப்ப வரி சரியில்லை என்று செக் விழுகிறது

இது டிசிஓ (டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்) செக். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று அனுப்புகிறவர் கமிட்டின் கீழே கையொப்பமிடும் வழக்கம். லினக்ஸ் கெர்னல் 2004-இல் கொண்டுவந்தது, இன்று பல திட்டங்கள் கேட்கின்றன. கமிட் செய்யும்போது எஸ் தேர்வு போட்டால் வரி தானாக வரும்.

வரி இருந்தும் விழுகிறதா? நம் பக்கத்துப் பெயர்தான் காரணமாக இருக்கும். ஐயா பெயர், அப்பா பெயர் என்று முன்னெழுத்து மூன்று நான்கு வரும். கிட் அமைப்பில் ஒரு மாதிரி, கிட்ஹப்பில் ஒரு மாதிரி, கல்லூரி லேபில் இன்னொரு மாதிரி எழுதியிருப்பார்கள். கமிட்டை எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் கையொப்ப வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லாக் கணினியிலும் அதையே போட்டுவிடுங்கள்.

ரிவ்யூ ஆனது, டெஸ்ட் எல்லாம் பச்சை, ஆனாலும் உடைந்தது

இதுவரை சொன்னது அனுப்புகிறவருக்கு. இது வாசிக்கிறவருக்கும் சேர்த்து.

பெயர்களை ஒரு நீளத்துக்குமேல் வெட்டிக் காட்டும் ஃபங்ஷன் ஒன்று எங்களிடம் ரிவ்யூவுக்கு வந்தது. பைத்தானில் மூன்றே வரி. முதல் நான்கு எழுத்தை எடு, திருப்பிக் கொடு. டெஸ்ட்டும் இருந்தது, பாஸும் ஆனது. டெஸ்டில் போட்டிருந்த பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. அதே ஃபங்ஷனுக்கு “தேவகோட்டை” என்று கொடுத்துப் பார்த்தோம். “தேவக” என்று வந்தது.

காரணம் இதுதான். நாம் எண்ணினால் தே, வ, கோ, ட், டை என்று ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடின் கணக்கில் ஒன்பது. த தனி, ஏகாரக் குறி தனி, வ தனி, க தனி, ஓகாரக் குறி தனி, அப்படியே கடைசி வரை. பைத்தான் எண்ணுவது இரண்டாவது கணக்கை. நான்காவதில் வெட்டியதும் கோவின் குறி கழன்று வெறும் க நிற்கிறது. “தமிழ்” என்ற சொல்லின் நீளத்தையே பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள், ஐந்து என்று சொல்லும்.

சரி, ஐந்தாக்கினால்? “தேவகோ” என்று வந்தது. ஒரு பையன் இன்னொரு கோப்பிலிருந்து அதே ஊர்ப் பெயரை ஒட்டினான். “தேவகே” என்று வந்தது. திரையில் இரண்டு தேவகோட்டையும் அச்சு அசலாக ஒன்றுதான். உள்ளே ஒன்றில் ஓகாரக் குறி ஒற்றைக் குறியாக இருக்கிறது, மற்றதில் ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இரண்டாக இருக்கின்றன. யூனிகோடு இரண்டையும் சமமானவை என்று ஏற்கிறது, ஆனால் நிரல் தானாக அப்படி நினைக்காது. முதலில், பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகு எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்ண வேண்டும். எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் நூலகத்தில் ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறது.

அந்த மூன்று வரியைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பது சுலபம். வரியில் தவறே இல்லை. தவறு, வரிக்குள் வரப்போகிற தரவைப் பற்றி எழுதியவர் நினைத்திருந்ததில். அதனால் ரிவ்யூ செய்கிறவர் வரியை வாசிப்பதோடு நிற்காமல் பிராஞ்சை இறக்கி ஓட்டி, தன் கையிலிருக்கும் தரவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ் தெரிந்த ரிவ்யூவரின் மதிப்பு இங்கேதான். உலகத்தில் வேறு எந்த மூலையிலும் இருக்கும் மெயின்டெய்னருக்குத் “தேவக” என்பது தவறு என்று தெரியப்போவதில்லை.

உலகறிந்த உதாரணம் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 வெர்ஷன் 2012 மார்ச்சில் வெளியானது. அதில் ஹார்ட்பீட் என்ற வசதி புதிது. எதிர்முனை ஒரு செய்தியும் அதன் நீளமும் அனுப்பும், அதே செய்தியைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் சொல்லும் நீளமும் வந்த செய்தியின் உண்மையான நீளமும் ஒன்றுதானா என்று நிரல் பார்க்கவில்லை. குட்டிச் செய்தியை அனுப்பி, பெரிய நீளத்தைச் சொன்னால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுக்கும். கடவுச்சொல், ரகசியச் சாவி எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். அந்த நிரல் ரிவ்யூ ஆகித்தான் உள்ளே போனது. எழுதியவர் கண்ணிலும் வாசித்தவர் கண்ணிலும் படவில்லை. 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. வெளியிலிருந்து வரும் எண் எதுவானாலும், அதை யார் சரிபார்க்கிறார்கள் என்று ரிவ்யூவில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

டிஃபில் இல்லாததையும் கேட்க வேண்டும். 2024 மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்திருப்பதாக ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற நிரலாளர் அறிவித்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டிப்போய்க் கண்டுபிடித்தார். கெட்ட நிரல் டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் பைனரியாக (மனிதர் வாசிக்க முடியாத வடிவில்) கிடந்தது. அதை இயக்கிவிடும் துண்டு, வெளியீட்டுத் தார் கோப்பில் (பதிவிறக்கக் கட்டிய பொதியில்) மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. வரி வரியாக டிஃப் வாசித்திருந்தாலும் பிடிபட்டிருக்காது. பைனரி கோப்பு வந்தால் அது எப்படி உருவானது, அதை மறுபடி உருவாக்கும் வழி எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இதில் சொல்லியாக வேண்டும். அந்தத் திட்டத்தைப் பல வருடமாக ஏறக்குறைய ஒற்றை ஆளாகத் தாங்கி வந்தவர் களைத்துப் போயிருந்தார். சீக்கிரம் செய், வேறு ஆளுக்குப் பொறுப்பைக் கொடு என்று அவரை நெருக்கினார்கள். உதவிக்கு வந்தது போல வந்தவர்தான் கதவை வைத்தார். மெயின்டெய்னரை அவசரப்படுத்தும் செய்தி எங்கே பார்த்தாலும் நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

“என்னைப் போய் ரிவ்யூ பண்ணச் சொல்றாங்க, எனக்கு என்ன தெரியும்?”

வாசித்துப் புரியாத இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள். இந்த மாறி இங்கே ஏன் சுழியமாகிறது, பட்டியல் காலியாக வந்தால் என்ன ஆகும், இப்படிக் கேள்வியாகவே எழுதுங்கள். புது ஆளுக்குப் புரியாத இடம் பெரும்பாலும் சரியாக விளக்கப்படாத இடமாக இருக்கும். பிராஞ்சை இறக்கி உங்கள் கணினியில் ஓட்டி, ஓடியது, இன்ன இயங்குதளம், இன்னதைச் சோதித்தேன் என்று எழுதினாலே அது ரிவ்யூதான். கெர்னலில் அதற்கென்றே டெஸ்டட்-பை என்று தனி வரி இருக்கிறது, பெயர் வரலாற்றில் நிற்கும். முழுதும் வாசிக்காமல் எல்ஜிடிஎம் (‘எனக்குச் சரியாகத் தெரிகிறது’) மட்டும் போடாதீர்கள். பாதி வாசித்திருந்தால், டெஸ்ட் கோப்பை மட்டும் பார்த்தேன் என்று எழுதுங்கள், மற்றதை இன்னொருவர் பார்ப்பார்.

“ஏன் இப்படி எழுதினாய்” என்று கேட்டதும் பதில் சொல்ல வரவில்லை

ஏஐ எழுதித் தந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள். சில திட்டங்கள் இதைச் சுத்தமாக ஏற்பதில்லை. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் தடை போட்டது. வேறு சில அனுமதிக்கின்றன, ஆனால் வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. அனுப்புவதற்கு முன் அந்தத் திட்டத்தின் விதியைப் படியுங்கள். அனுமதி இருந்தாலும், ஒவ்வொரு வரிக்கும் நீங்களே வாய் திறந்து காரணம் சொல்ல முடியும் என்றால் மட்டும் அனுப்புங்கள். ரிவ்யூவரின் கேள்வியை மறுபடி ஏஐயிடமே கொடுத்துப் பதில் வாங்கி ஒட்டினால், இரண்டாவது பதிலிலேயே தெரிந்துவிடும். அந்தப் பெயரில் வரும் அடுத்த பேட்சை அவர் திறக்க மாட்டார்.

மெர்ஜ் செய்யாமல் மூடிவிட்டார்கள்

காரணம் எழுதியிருந்தால் இரண்டு தடவை படியுங்கள். திட்டத்தின் திசைக்கு ஒத்துவராது என்றால் அதில் வாதாட ஒன்றுமில்லை. தேவையென்றால் உங்கள் ஃபோர்க்கில் (திட்டத்தின் உங்கள் சொந்தப் பிரதியில்) வைத்துக்கொள்ளலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. அடுத்த தடவை பெரிய வேலையை ஆரம்பிக்கும் முன் திட்டத்தின் பக்கத்தில் இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து, இதைச் செய்யலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

காரணமே இல்லாமல் மூடியிருந்தால், ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) ஒரு சொல்லை மட்டும் மாற்றும் பேட்சாக இருந்ததா? 2020 அக்டோபரில், பேட்ச் அனுப்புவோருக்குப் பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக அப்படிப்பட்ட பேட்ச்கள் வெள்ளமாகக் கொட்டின. மெயின்டெய்னர்கள் நொந்துபோனதால், விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று நடத்துபவர்கள் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சிறு பேட்ச் என்றாலே சந்தேகமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான எழுத்துப்பிழைத் திருத்தம் என்றால், அந்தப் பிழையால் எந்தக் கட்டளை வேலை செய்யாமல் போனது, நீங்கள் எங்கே சிக்கிக்கொண்டீர்கள் என்று சேர்த்து எழுதி, மூடிய அதே இடத்தில் திரும்பத் திறக்கலாமா என்று ஒரு தடவை கேளுங்கள். பெரும்பாலும் திறப்பார்கள்.